கரட்டுப்பாளையம் வாங்கிக்கொண்ட நடுக்கம்

தீர்த்தகிரியின் உடம்பை விட்டுக் கிளம்பிய நடுக்கம், வார்டின் வாசற்படியைத் தாண்டி, கரட்டுப்பாளையம் கடைவீதிக்குள் வந்தது ஒரு புதன்கிழமை காலை, பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தில். முதலில் அது டீக்கடை அய்யாவுவின் வலது கையில் ஏறியது. ஆள் உயரத்துக்கு டீயை இழுத்து ஆற்றினாலும் ஒரு சொட்டு சிந்தாதவர் என்று பெயரெடுத்த அய்யாவு, அன்று ஆற்றிய டீயில் பாதியை பாய்லர் மேலும் மீதியைப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் மடியிலும் ஊற்றினார். அவர் கையை உதறியதும் அது இறங்கிப் பக்கத்துத் தையல் கடைக்குள் போய் ஒரு ஜாக்கெட்டின் கழுத்தை மலைப்பாதை மாதிரி வளைத்து வளைத்துத் தைத்தது. அங்கிருந்து பூக்காரியின் விரல், பூக்காரியிடமிருந்து கண்டக்டரின் விசில் என்று நடந்து, கடைசியில் முட்டை மண்டிக்குள் நுழைந்து சென்னியப்பனின் கையில் ஏறியது. அட்டை மேல் அட்டையாகக் கூரை வரை அடுக்கியிருந்த முட்டைகள் முதலில் மெல்லப் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டன, பிறகு விழுந்தன.

யாரும் அதைப் பேய் என்று சொல்லவில்லை. நடுக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. குளிருக்கு வரும், காய்ச்சலுக்கு வரும், பெண் பார்க்கப் போனால் வரும். சொந்தக்காரர் இல்லாமல் தனியாக நடந்து வந்ததுதான் புதிது என்பதால், இது யாருடையது, எந்த வீட்டிலிருந்து தப்பி வந்தது என்றுதான் ஊர் விசாரித்தது. விசாரித்துக்கொண்டே அது வந்த வழியில் திரும்பி நடந்தவர்கள் எல்லோரும் கடைவீதி முடிகிற இடத்தில் இருந்த பழைய கல்யாண மண்டபத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

அந்த மண்டபம்தான் அப்போது போதை மீட்பு வார்டு. பந்தி நடந்த கூடத்தில் இரும்புக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. மணமகள் அறையில் நோயாளிகளோடு வந்த பெண்கள் தங்கியிருந்தார்கள். மணமேடையில் மேஜை போட்டு டாக்டர் இமெல்டா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் யாரோ எப்போதோ ஒட்டிவைத்த தெர்மாகோல் அன்னங்களில் ஒன்று மட்டும் இன்னும் விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு போதையில் மட்டும் விழுந்தவர்களுக்குப் போக வேறு இடங்கள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகப் பலதை அடுக்கி, எதை உருவினால் எது சரியும் என்று தெரியாமல் போனவர்கள்தான் இங்கே வந்தார்கள்.

தீர்த்தகிரி அப்படி வந்தவன். மலையடிவாரத்தில் வேறொரு ஊர்க்காரன். போர்வெல் வண்டியில் டிரில்லராகப் போய், பெயர் வாயில் நுழையாத வடநாட்டுக் காடுகளிலெல்லாம் பூமியைத் துளைத்தவன். பாறையை இடிக்கும் கம்பியின் அதிர்வு தோளில் ஏறித் தங்கிவிட, தோள் வலிக்கு ஒரு மாத்திரை போட்டான். மாத்திரை தந்த மந்தம் போக ஒன்றைப் போட்டான். அது கொடுத்த விழிப்பை அணைக்கச் சாராயம் குடித்தான். சாராயம் கலைத்த தூக்கத்தைத் திரும்பக் கூட்டிவரத் தூக்க மாத்திரை போட்டான். தூக்கத்திலிருந்து எழுந்து நிற்கக் கஞ்சா பிடித்தான். இப்படி ஒன்றுக்கு ஒன்று காவலாக நிற்க, நடுவில் அவன் மட்டும் இல்லாமல் போனான். மனைவி நவமணி அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கடைசியில் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கருப்பணார் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுவதாக அவன் சத்தியம் செய்தான், செய்தபடி விடவும் செய்தான். அதற்கு மறுநாள் அதே கோயில் வாசலில் வலிப்பு வந்து விழுந்தான். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம்.

"விட்டது தப்பில்லம்மா. மொத்தமா ஒரே நாள்ல விட்டதுதான் தப்பு" என்றார் டாக்டர் இமெல்டா, நவமணி அவனைக் கொண்டுவந்து சேர்த்த அன்று. "குடியையும் தூக்க மாத்திரையையும் சேர்த்துத் திடீர்னு நிறுத்தினா உயிரே போயிரும். ஒண்ணொண்ணா, படிப்படியா இறக்கணும். அதுவரைக்கும் இவர் இங்கேயே இருக்கணும், நீங்களும் இருந்தா நல்லது."

"இருக்கறனுங்க. எங்கீங்க போறேன்" என்றாள் நவமணி.

ஊரே வார்டு வாசலில் வந்து நின்ற அந்தப் புதன்கிழமை காலையில், தீர்த்தகிரி கட்டிலில் உட்கார்ந்து டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஆடவில்லை. நர்ஸ் லாரன்ஸ் அதைப் பார்த்து, அவன் நாடியைப் பிடித்து, டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, "வெளியில போனது போகட்டும், உள்ள இருக்கறதுக்கு நம்ம மருந்து நம்ம கொடுப்போம்" என்று சொல்லி அந்த வேளைக்குரிய ஊசியைப் போட்டார்.

அப்போதுதான் சென்னியப்பன் உள்ளே வந்தார். வேட்டியில் மஞ்சள் கரு ஒழுகிக் காய்ந்திருந்தது. இந்த மண்டபத்தை வார்டுக்கு விட்ட நாளிலிருந்தே அவருக்குக் கோபம். மகள் தாரணியின் கல்யாணத்தை இங்கேதான் வைப்பதாக அவர் மனதுக்குள் பந்தலே போட்டு வைத்திருந்தார்.

"ஏம்ப்பா, உன்றதா அது?" என்று கேட்டார்.

தீர்த்தகிரி தலையாட்டினான். "என்றதுதானுங்க."

"உன்றதுன்னா நீ வெச்சுக்கோணும். ஊருக்குள்ள உட்டா எப்படி? அவனவன் பண்ணுனது அவனவன்கிட்டயே இருக்கட்டும்."

நடுக்கம் அந்தப் பேச்சைக் கேட்டது. கேட்டதும் சென்னியப்பனின் கையை விட்டு இறங்கி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஊர்ந்து, தன் வீட்டுக்குத் திரும்பியது. ஊர் அதுவரை துண்டு துண்டாகத்தான் அதைப் பார்த்திருந்தது, முழுசாகப் பார்த்தது அப்போதுதான். தீர்த்தகிரியின் முதுகு வில்லாக வளைந்தது, பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன, அவன் மல்லாந்து விழுந்த இரும்புக் கட்டில் தன் நாலு கால்களாலும் நடந்து கூடத்தைக் கடந்து எதிர்ச் சுவரில் போய் மோதியது. லாரன்ஸும் டாக்டரும் பாய்ந்து அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், நவமணி அவன் தலை இரும்பில் இடிக்காமல் தன் இரண்டு கைகளையும் நடுவில் கொடுத்தாள், கை நைந்தது, எடுக்கவில்லை. முகம் நீலமாகிக்கொண்டே வந்தது.

யாரும் வெளியே போகவில்லை. பிறகு அய்யாவு முன்னால் வந்து, டீ சுட்ட கையை நீட்டி, வீட்டுக்கு வந்த ஆளை உள்ளே கூப்பிடுவதுபோல், "வா. கொஞ்ச நேரம் எங்கிட்ட இருந்துட்டுப் போ" என்றார்.

அது வந்தது. அய்யாவு தோள் வரைக்கும் ஆடினார், ஆடிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தார். கட்டிலில் தீர்த்தகிரிக்கு மூச்சு வந்தது.

"வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டாள் நவமணி.

"வலியெல்லாம் இல்ல அம்மணி. டெம்போவுல பின்னாடி உக்காந்து போற மாதிரிதான் இருக்குது" என்றார் அய்யாவு.

அன்றிலிருந்து நடுக்கத்தை வாங்கிக்கொள்வது கரட்டுப்பாளையத்தில் ஒரு வழக்கமானது. எந்த ஊரிலும் ஒரு வழக்கம் எப்படி உண்டாகுமோ அப்படித்தான் உண்டானது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் முறை எழுதவில்லை, கேட்டு வாங்கினால் அது வரும், பிடிக்காமல் உதறினால் திரும்பித் தீர்த்தகிரியிடமே போய்விடும் என்பதை எல்லோரும் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை என்பதால் அன்று சவரத் தொழிலாளிகள் வாங்கிக்கொண்டார்கள். பாடம் இல்லாத வேளையில் வாத்தியார்கள் வாங்கிக்கொண்டார்கள், திருப்பிக் கொடுக்க மறந்து வகுப்புக்குப் போன ஒருவர் கரும்பலகையில் எழுதிய திருக்குறள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளிந்தது, பிள்ளைகள் அதை அப்படியே நெளித்து எழுதிக் காட்டினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு வெள்ளிக்கிழமை தட்டோடு சேர்த்து அதையும் ஏந்தினார், ஆடிய சுடரில் அம்மன் கண்ணிமைத்ததைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். கைக்குழந்தைக்காரிகள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டு வாங்கினார்கள், தொட்டில் தானாக ஆட, அவர்கள் சாய்ந்து கண் மூடினார்கள். மாவு சலிப்பவர்கள் சல்லடையோடு வந்தார்கள். உறுமி அடிப்பவர் வாங்கிக்கொண்டு போய் அன்று அடித்த அடியில், நாலு தெருவுக்கு அப்பால் கட்டியிருந்த மாடுகள் எல்லாம் எழுந்து நின்றன.

வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க வார்டுக்கு வருவார்கள், வந்தவர்கள் வெறுமனே போகமாட்டார்கள். இதற்குமுன் அந்தப் பக்கம் பார்வை கூடத் திருப்பாத ஊர், இப்போது கட்டில் கட்டிலாக நின்று எந்த ஊர், என்ன தொழில், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டது. யாருக்கு ரசம் இறங்கும், யாருக்குத் தயிர்தான் ஆகும் என்று தெரிந்துகொண்டது. வலி மாத்திரையை இறக்கும்போது தீர்த்தகிரிக்கு எலும்புக்குள் குடைச்சல் வந்தது, மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுகியது, தோலெல்லாம் புல்லரித்துப் புல்லரித்து அடங்கியது, ஓயாமல் கொட்டாவி வந்தது, அந்த வலியெல்லாம் அவனிடமே இருந்தது, ஊருக்கு வந்தது நடுக்கம் மட்டும்தான். வேண்டாம், விட்டுவிடுங்கள், ஒரே ஒரு மாத்திரை கொடுங்கள் என்று அவன் நவமணியின் காலைப் பிடித்த நாட்கள் இருந்தன. லாரன்ஸைக் கெட்ட வார்த்தையில் திட்டிய நாட்கள் இருந்தன. ஒரு மத்தியானம் கேட்டைத் தாண்டி ஓடப் பார்த்தான். வாசலில் அவனுடைய நடுக்கத்தை வாங்கிக்கொண்டு, பல் கிட்டிக்கக் குத்தவைத்திருந்த தையல்காரர், "போறதுன்னா போ மாப்ள. இதையும் எடுத்துட்டுப் போ" என்றார். அவன் அவரைப் பார்த்தான், ஆடுகிற அவருடைய கையைப் பார்த்தான், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

சென்னியப்பன் மட்டும் வாங்கவில்லை. முட்டை மண்டி வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, "எங்கிட்ட வராத" என்று சொல்லியபடி உட்கார்ந்திருந்தார். அதுவும் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவரை யாரும் குறை சொல்லவில்லை. முட்டைக்காரர் என்ன செய்வார் என்றார்கள்.

தாரணியின் கல்யாண நாள் வந்தது. மண்டபம் இல்லாததால் மாரியம்மன் கோயில் மைதானத்தில் பந்தல். அன்று ஊரில் எந்தக் கையும் சும்மா இல்லை. சமையல்காரர்கள் கரண்டியோடும், பூக்காரிகள் மாலையோடும், நாதஸ்வரக்காரர் சீவாளியோடும், போட்டோகிராபர் கேமராவோடும், பூசாரி தேங்காயோடும் நிற்க, அன்றைக்கு என்று பார்த்துத்தான் டாக்டர் இமெல்டா நவமணியைக் கூப்பிட்டார்.

"தூக்க மாத்திரைதான் கடைசி. அதை இன்னைக்கு இன்னொரு படி இறக்கியிருக்கேன். தள்ளிப்போட முடியாது, இவர் உடம்பு இப்பதான் ஒத்துழைக்குது. ஆனா இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் தூறல்தான்."

நவமணி யாரையும் கூப்பிடப் போகவில்லை. கல்யாண வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று அவளே கட்டிலருகே மண்டியிட்டு, "எங்கிட்ட வா" என்று கையை நீட்டினாள். வந்தது. ஜன்னல் கம்பிகள் பாடின, மருந்துக் குப்பிகள் அலமாரியில் ஒன்றையொன்று இடித்தன, மணமேடையின் கடைசித் தெர்மாகோல் அன்னம் விழுந்தது. அவள் தரையில் உருண்டாள். தற்செயலாக டீ கொண்டுவந்த அய்யாவு தூக்குவாளியை வைத்துவிட்டுப் பாதியை வாங்கிக்கொண்டார், பாதியே அவரைச் சுவரோடு அடித்தது. அவர் எழுந்தார். கால் கோணிக்கொண்டு போக, மைல்கல்லையும் மின்கம்பத்தையும் பிடித்துப் பிடித்து, பந்தலுக்கு நடந்தார்.

நாதஸ்வரம் நின்றது. அய்யாவு பந்தல்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, பந்தலே குலுங்கியது, வாழைமரங்கள் தலையாட்டின, மேலே கட்டிய மாவிலைகள் படபடத்தன.

"சென்னியண்ணா" என்றார் அய்யாவு. "நல்ல நாளும் அதுவுமா வரக்கூடாதுதான். அந்தப் புள்ள தனியா வாங்கிட்டுக் கெடக்குது. தாங்காது. அவனும் போயிருவான், அவளும் போயிருவா."

சென்னியப்பன் மணவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மணவறையில் உட்கார்ந்திருந்த தாரணி மாலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அய்யாவு மாமா, எனக்குக் கொஞ்சம் குடுங்க."

"கண்ணு, நீ உக்காரு" என்றார் அவள் அம்மா.

"எப்படியும் எனக்குக் கை நடுங்கிட்டுத்தானம்மா இருக்குது. அதுல இதுவும் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும்."

மருதாணிக் கையை நீட்டினாள். நடுக்கத்தில் ஒரு கிள்ளு அவளிடம் வந்தது. மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டுத் தானும் கையை நீட்டினான். மாப்பிள்ளை வீட்டார், அந்த ஊரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வெளியூர்க்காரர்கள், இது இங்கத்துச் சீர் போலிருக்கிறது என்று நினைத்து வரிசையாகக் கையை நீட்டினார்கள். சமையல்காரர்கள் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீட்டினார்கள். பூக்காரிகள், தையல்காரர், கண்டக்டர், வாத்தியார்கள், உறுமிக்காரர், பூசாரி, சைக்கிள் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எல்லாரும் நீட்ட, வார்டில் நவமணியிடம் இருந்ததும் எழுந்து வந்து இதோடு சேர்ந்துகொள்ள, அவ்வளவு பெரிய நடுக்கம் அத்தனை கைகளுக்கும் பிரிந்து பிரிந்து, கடைசியில் பால் கொதிக்குமுன் ஆடை ஆடுகிற அளவுக்கு ஆளுக்குக் கொஞ்சமாக நின்றது.

அதோடு கல்யாணம் நடந்தது. மேளம் முழங்கியது, நாதஸ்வரத்தில் யாரும் கேட்டிராத ஒரு பிர்கா தானாக வந்து விழுந்தது. மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் தடுமாறித் தடுமாறிப் போட்டான், எந்த மாப்பிள்ளைதான் தடுமாறவில்லை. அட்சதை பெய்யும்போது கைகளின் ஆட்டத்தில் அது பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் பரவிப் போனது. போட்டோக்கள் அத்தனையும் ஆடித்தான் வந்தன. அந்த வீட்டு ஆல்பத்தில் இன்றும் யாருக்கும் முகம் சரியாக இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கியதுபோல் இருக்கிறார்கள்.

மகளைத் தாரைவார்க்கச் செம்பைத் தூக்கும்போதுதான் சென்னியப்பன் அய்யாவுவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்கண்ணா" என்றார் அய்யாவு.

செம்புத் தண்ணீர் மாப்பிள்ளையின் கையில் விழுவதற்குள் முக்கால்வாசி வெளியே தெறித்தது. அது நடுக்கத்தால் தெறித்ததா, அப்பாவாக இருந்ததால் தெறித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அந்நேரத்தில் வார்டில் தீர்த்தகிரி கண் விழித்தான். வெயில் ஜன்னல் வழியாக வந்து அவன் கட்டிலில் கிடந்தது. அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தரையில் உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்த நவமணியைப் பார்த்தான்.

"பசிக்குது" என்றான்.

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. நவமணி பதில் சொல்ல வாயெடுத்தபோது, வாசலில் அண்டாக்கள் வந்து இறங்கின. முன்னால் சென்னியப்பன் வந்தார். கட்டில்களைச் சுவரோரம் தள்ளச் சொன்னார், நடுவில் பாய் விரிக்கச் சொன்னார், இலை போடச் சொன்னார். நோயாளிகள் ஒரு வரிசை, மாப்பிள்ளை வீட்டார் எதிர் வரிசை. தீர்த்தகிரியின் இலையில் அவரே சாதம் வைத்து, சாம்பார் ஊற்றி, நிமிராமல் சொன்னார், "மண்டபத்துல எம் புள்ள கல்யாணப் பந்தி நடக்கோணும்னு நெனச்சேன். நடந்துருச்சு. நல்லாச் சாப்புடு."

தீர்த்தகிரி சாதத்தைப் பிசைந்து, உருட்டி, தன் கையால் வாயில் வைத்தான். ஒரு பருக்கை கீழே விழவில்லை. சாப்பாட்டுக்கு ருசி இருப்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. அவன் அழுதபடி சாப்பிட்டான், மறுபடி சாதம் கேட்டான், பாயசத்தை வழித்து நக்கினான்.

அதன் பிறகு நடுக்கம் தேய ஆரம்பித்தது. பல கை படும் சோப்பு எப்படித் தேயுமோ அப்படி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வாரத்துக்கு வாரம் மெலிந்து, பிறகு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாத அளவுக்குச் சிறுத்து, ஒருநாள் இல்லாமலே போனது. டாக்டர் இமெல்டா தீர்த்தகிரியைச் சோதித்துவிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"உடம்புல இருந்து எல்லாம் போயிருச்சு. இது முதல் படிதான், இதுக்கே நீங்க செத்துப் பிழைச்சிருக்கீங்க. இனிமே இருக்கறது மனசு. மாசாமாசம் வரணும், பேசணும். ஆசை வரும். வந்தா மறைக்காதீங்க, நேரா இங்க வாங்க."

"வருவனுங்க. மறைக்கமாட்டனுங்க" என்றான் தீர்த்தகிரி.

கிளம்பும் நாளில் அவனுக்கு ஒரு ஆசை இருந்தது. நடுக்கம் கடைசியாக எந்த வீட்டில் தீர்ந்ததோ அந்த வீட்டு ஆளைக் கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும். நவமணியைப் பஸ் நிறுத்தத்தில் பையோடு நிறுத்திவிட்டுத் தெருத்தெருவாகப் போனான். தையல்காரர் எங்கள் வீட்டில்தான் என்றார், இதோ இந்த ஊசியில் நூல் கோக்கும்போது போனது என்று ஊசியைக் காட்டினார். பூக்காரி என் விரலில்தான் என்றாள். கைக்குழந்தைக்காரி தொட்டிலைக் காட்டினாள். பூசாரி சுடரைக் காட்டினார். ஒவ்வொரு தெருவும் தன் தெருவில்தான் தீர்ந்தது என்று சொல்லி, அடுத்த தெருக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு, அவனை உட்காரவைத்து ஏதாவது சாப்பிடக் கொடுத்துத்தான் அனுப்பியது. சென்னியப்பன், "எவன் என்ன சொன்னாலும் எம் மண்டியிலதான்" என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்.

வயிறு நிறையத் திரும்பி வந்தவனைப் பார்த்து நவமணி கேட்டாள், "எந்த வீடுன்னு தெரிஞ்சுதுங்களா?"

"எல்லா வீடுந்தாங்கறாங்க" என்றான்.

பஸ் வந்தது. அவன் முதலில் ஏறி, படியில் நின்று, திரும்பிக் கையை நீட்டினான். இத்தனை வருஷமும் அவனைத் தூக்கியும் தாங்கியும் இழுத்தும் பழகிய நவமணி, பழக்கத்தில் அவனைத் தாங்குவதற்கே கையைக் கொடுத்தாள். அவன் அந்தக் கையை இறுகப் பிடித்தான். "வா" என்றான். அவள் பையோடும் உடம்போடும் தன் பாரம் முழுவதையும் அவன் கையில் போட்டு, காலைத் தரையிலிருந்து எடுத்தாள்.